இடது கை விரல்கள் அசைகின்றன

சுகந்தி கண்ணு,

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவித்ரா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். காரிலிருந்து இறங்கி, யார் கையையும் பிடிக்காமல், தானே நடந்து வந்தாள். கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புகிறாள். தெருப் பெண்கள் ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு நின்றார்கள். "அவ குனியக் கூடாதாம், பொட்டை நீங்களே எக்கி வைங்க" என்று அவள் அம்மா கஸ்தூரி எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். நானும் எக்கித்தான் வைத்தேன். அந்தப் பெண் என்னைவிட அவ்வளவு உயரம் என்பது எனக்கு நேற்றுதான் உறைத்தது. களத்தில் மடங்கி மடங்கி ஓடுகிறவளையே பார்த்துப் பழகிவிட்டோம் இல்லையா. எலும்பு முறியவில்லை, நரம்பில் ஏற்பட்ட அதிர்ச்சியும் ஏறக்குறையச் சரியாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மறுபடியும் கபடி ஆடலாமா என்பதைச் சில மாதம் கழித்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். பவித்ராவோ அதற்குள் தன் காலணியைத் துவைத்துக் காயப்போடச் சொல்லிவிட்டாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ வர்ணனை செய்த ஆட்டத்தில் அவள் விழுந்த அன்று சாயங்காலம் கோவையிலிருந்து போன் செய்து நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "நான் பேசிக்கினே இருந்திருக்கணுமாம்மா?" நான், "சாப்டியா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாய். "போய் முதல்ல சாப்பிடு" என்றேன். நீ விட்ட பெருமூச்சு இங்கே கேட்டது. போயும் போயும் இந்த அம்மாவிடம் கேட்டோமே என்று நினைத்திருப்பாய். என்னிடம் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் விடையை உடனே கரும்பலகையில் எழுதுகிற ஆளில்லை. முதலில் உதாரணம், அப்புறம் இன்னொரு உதாரணம், மணி அடிக்கிற நேரத்தில்தான் விடை. இதுவும் அப்படித்தான் நீளும். பொறுத்துக்கொள்.

இதை உறையில் போட்டு ஒட்டி அனுப்பாமல், எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நடத்தும் இதழுக்குக் கொடுக்கிறேன். காரணம் இருக்கிறது. மளிகைக் கடையில், வங்கி வரிசையில், பேருந்து நிலையத்தில், எங்கே போனாலும் என்னை நிறுத்திக் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், உங்க பொண்ணுக்கு அன்னிக்கு இன்னா ஆச்சு? மைக்கு போச்சா, வாய் போச்சா?" உன் படத்தில் வாய்க்குப் பூட்டுப் போட்டு எவனோ செய்த கேலி என் போனுக்கே வந்தது. அதை அனுப்பியவர் என்னோடு கணக்குப் பாடம் எடுத்தவர். வீட்டு விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. பதிலும் தெருவிலேயே இருக்கட்டும்.

முதல் உதாரணம், உனக்கே தெரிந்தது. வைகாசிக் கருடசேவைக்கு நம் ஊரில் என்ன கூட்டம் சேரும் என்று உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொலைந்துபோகும் பிள்ளைகளுக்காக ஒரு அறிவிப்புப் பந்தல் போடுவார்கள். சாரணர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே உட்காரும் பொறுப்பு எங்கள் பள்ளிக்கு. மைக் என் கைக்கு வந்ததற்குத் திறமை காரணமில்லை. தலைமை ஆசிரியருக்கு இருமல். வந்த மைக் நான் ஓய்வு பெறும்வரை என்னிடமே தங்கிவிட்டது.

அந்தப் பந்தலில் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். பிள்ளையின் பெயரை மைக்கில் சொல்ல மாட்டேன். பெயர் தெரிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துக்கொண்டு போகலாம். பச்சைப் பாவாடை, கையில் ஊதல், ஒரு காதில் மட்டும் தோடு என்று, கண்ணில் படுவதை மட்டும் சொல்வேன். இன்னொன்று, பிள்ளை அழுகிறது என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டத்தில் எங்கோ இருக்கும் தாய்க்கு அது கேட்டால் கண் மண் தெரியாமல் ஓடி வருவாள். "தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்" என்பேன். அது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, பிள்ளைக்கு முதலில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுவேன். இதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது.

நீ நாலாவது படிக்கும்போது ஒரு வருடம் உன்னையும் கூட்டிப்போயிருந்தேன். நான் குடத்தில் தண்ணீர் மொள்ளப் போன நேரத்தில் மைக் உன் கைக்குப் போய்விட்டது. அப்பாவோடு உட்கார்ந்து வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக் கேட்டு உனக்கு அந்த ஏற்ற இறக்கமெல்லாம் அத்துப்படி. "இதோ, சிவப்புச் சட்டை போட்ட ஒரு பையன்! அழுகிறான், அழுகிறான், மூக்கு ஒழுகுகிறது, இப்போது தரையில் உருளுகிறான், உருண்டுகொண்டே இருக்கிறான்!" ஒலிபெருக்கி போட்டிருந்த தெருவெல்லாம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. அப்போது அந்தப் பையனின் அம்மா வந்தாள். செருப்பு இல்லை, புடவை முட்டியில் கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. பையனின் தலை, கை, கால் என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே, "எங்க அடிபட்டுச்சுமா? உருள்றான்னு சொன்னாங்களே, எங்க அடிபட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனுக்கு ஒன்றுமே இல்லை. பலூன் வாங்கித் தரவில்லை என்று உருண்டவன். நீ அந்த முட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நீயே போய் முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து வந்தாய். அடுத்த வருடத்திலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளின் சட்டை நிறத்தை என் காதில் சொல்கிற வேலையை நீயாகவே எடுத்துக்கொண்டாய்.

உன் தொழில் என்னவென்று நம் உறவில் பாதிப்பேருக்கு இன்றைக்கும் தெரியாது. "விளையாட்டுல வேலை பண்ணுதா? பி.டி. டீச்சரா?" என்பார்கள். நீ முதன்முதலாகச் செய்தி சேகரிக்கப் போன மைதானத்தின் வாசலில் நடந்ததை நீ சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். காவலாளி மறித்து, "ஆட்ற பசங்களோட அக்காவா?" என்றார். "இல்லைங்க, பத்திரிகை" என்றாய். "பத்திரிகையா? யாருக்குமா கல்யாணம்? குடு, உள்ள குடுத்துடறேன்" என்று கையை நீட்டினார். நீ சிரித்துவிட்டாய், அவரும் சிரித்துவிட்டார், உள்ளே விட்டார். அதற்கப்புறம் அந்த மைதானத்துக்கு நீ போகும்போதெல்லாம், "வாமா கல்யாணப் பத்திரிகை" என்றுதான் கூப்பிடுவாராம். (கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்க மாட்டேன் என்று உன் அப்பாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். அது பேச்சுவாக்கில் வந்ததே தவிர நான் எடுக்கவில்லை.)

நாளிதழில் உன்னைப் பெண்கள் பக்கத்துக்குத்தான் எடுத்தார்கள். விளையாட்டுப் பக்கம் வேண்டும் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். கடைசியில் உனக்குக் கிடைத்தது வேறு யாரும் போக விரும்பாத மகளிர் கபடி. அந்த முதல் செய்தியை நினைத்தால் உன் அப்பா இன்றைக்கும் சிரிக்கிறார். பாடி வருகிறவளைப் பிடிக்க, எதிரணிப் பெண்கள் கையோடு கை கோத்து வளைத்து நிற்பார்களே, அதற்கு என்ன சொல் போடுவது என்று யோசித்து, நீ நம் தெருச் சொல்லைப் போட்டாய். புடவையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை பூட்டி நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். தறியில் இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் ஆகும். "எதிரணியினர் கோர்வை பிடித்துக் காத்திருந்தனர்" என்று எழுதிக் கொடுத்தாய். பிழை திருத்துகிறவர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்துவிட்டார். மறுநாள் காலை பத்திரிகையில், "எதிரணியினர் கோவையில் காத்திருந்தனர்" என்று வந்தது. ஆட்டம் நடந்தது சென்னையில்! உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஆட்டம் மெட்ராஸ்ல, புடிக்கறவங்க கோவையில. அப்புறம் அந்தப் பொண்ணு எப்படிமா அவுட் ஆவும்?" என்றார். நீ போனில் அழுதாய்.

ஆனால் மறுநாள் நீ செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அந்தப் பிழை திருத்துகிறவரிடம் சண்டைக்குப் போகவில்லை. உன் பட்டுப் பாவாடையிலிருந்து நான் தைத்துக் கொடுத்த கைப்பையை எடுத்துப் போய், கரையும் உடலும் சேரும் இடத்தை அவர் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னாய். "அடடா, தையலே இல்லையேமா!" என்றாராம். அதன் பிறகு தெரியாத சொல் வந்தால் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார் என்று சொன்னாய். இப்போது பவித்ராவின் அணியில் ஒருத்திக்கொருத்தி "கோர்வை! கோர்வை!" என்று கத்தித்தான் கை கோத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண்களில் பலர் தறியையே பார்த்ததில்லை.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாததும் இருந்தது. நிருபர்கள் உட்காரும் மாடத்தில் பெண்களுக்குக் கழிவறை இல்லை என்பதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடு வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தபோதுதான் தெரிந்தது. நான் உனக்குச் சொன்னது ஒன்றுதான்: வேலை இருக்கட்டும், தண்ணீர் குடி, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீ தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாய். அதனால் இடம் தேட வேண்டியதாயிற்று. விளையாடும் பெண்கள் உடை மாற்றும் அறைப் பக்கம் போய்க் கேட்டாய். போகும்போதும் வரும்போதும் அந்தப் பெண்களோடு பேச்சு உண்டானது. எந்தப் பெண் என்ன சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள், யாருக்கு முட்டி வலி, யார் வீட்டில் விளையாடப் போகக் கூடாது என்று கதவைப் பூட்டினார்கள் என்பதெல்லாம் மாடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தது. உன் பெயரோடு வந்த முதல் பெரிய பேட்டி அப்படி வந்ததுதான். பேட்டி எங்கே எடுத்தாய் என்று உறவினர் கேட்டபோது நீ சொன்ன பதிலைக் கேட்டு உன் அத்தை காபியைக் கீழே வைத்துவிட்டாள்.

பயிற்சியாளர் ஒருவர், நீ கேட்ட கேள்விக்கு உன் பக்கத்தில் இருந்த ஆண் நிருபரைப் பார்த்துப் பதில் சொன்னாரே, அப்போது நீ என்ன செய்தாய்? அதே கேள்வியை, அதே குரலில், ஒரு சொல் மாற்றாமல் மறுபடியும் கேட்டாய். அவர் திரும்பி உன்னைப் பார்க்க வேண்டியதாயிற்று. வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு நான் செய்துவந்ததும் அதுதான். குரலை உயர்த்தினால் அவர்களுக்குக் கொண்டாட்டம். உயர்த்தாமல் திரும்பக் கேட்டால் வேறு வழியில்லை.

பிறகு நாளிதழில் விளையாட்டுப் பக்கம் சுருங்கியது, இணையத்தில் ஆட்டங்களை நேரடியாகக் காட்டும் சேனல் ஒன்று தமிழில் வர்ணனை செய்யப் பெண் வேண்டும் என்று உன்னைக் கூப்பிட்டது. செய்தி எழுதும் வேலையையும் விடாமல், ஆட்டம் இருக்கும்போது மைக் முன்னாலும் உட்கார்ந்தாய். கருடசேவைப் பந்தலுக்கே திரும்பி வந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கஸ்தூரி என்னிடம் படித்தவள். கணக்கில் சுமார், பேச்சில் முதலிடம். பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டுத் தறியில் பவித்ரா ஆடும் நாளெல்லாம் போனைத் தறிமரத்தில் சாய்த்து வைத்திருப்பாள். ஆனால் அவள் பார்ப்பதில்லை. கண் இழையில் இருக்கும், கை குறுக்கு இழை ஓட்டும் நாடாவில் இருக்கும், காது மட்டும் உன்னிடம். "உங்க பொண்ணு சொன்னா போதும் டீச்சர், எனக்குக் கண்ணுல தெரியுது" என்பாள். நானும் போய் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவள் பெண் ஆட, என் பெண் சொல்ல, நாங்கள் இரண்டு பேரும் பெருமையை வெளியில் காட்டிக்கொள்ளாமல் டீ குடிப்போம்.

அன்று மத்தியானமும் அப்படித்தான். ஆட்டம் கோவையில். கஸ்தூரியின் வீட்டுக்காரர் வேலைக்காக ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் போயிருந்தார். "பவித்ரா பாடிப் போகிறார். இடது மூலை. கணுக்கால் பிடிபட்டது. கோர்வை மூடுகிறது" என்று உன் குரல் வேகமாக வந்தது. பிறகு ஒரு சத்தம். பிறகு நீ வேகத்தைக் குறைத்தாய். "பவித்ரா கீழே கிடக்கிறார். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்." கஸ்தூரியின் கால் தறியின் மிதிப்பலகையிலேயே நின்றுவிட்டது. உன்னோடு வர்ணனை செய்தவர், பழைய ஆட்டக்காரர், நல்ல மனிதர் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அவர் ஆரம்பித்தார். "கழுத்து மடங்கி விழுந்திருக்காங்க. என் அனுபவத்துல சொல்றேன், இது ரொம்பப் பெரிய அடி. இப்படித்தான் முன்னாடி ஒரு பையன் விழுந்து..." அங்கே நீ குறுக்கே வந்தாய். "சார், நமக்கு அது தெரியாது."

அவ்வளவுதான். அவரும் நிறுத்திவிட்டார். "மருத்துவர் வந்துவிட்டார். பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறார்" என்றாய். பிறகு ஒன்றுமே இல்லை. கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. கஸ்தூரி போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நீ பேசாமல் இருந்த அந்த நேரத்தில் இங்கே என்ன நடந்தது என்பதை நான் உனக்குச் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டு லோகு தன் போனோடு ஓடி வந்தாள். "கஸ்தூரி! கழுத்து முறிஞ்சிடுச்சின்னு போட்டுக்கினு இருக்கான்டி!"

"யார் போட்டது?" என்றேன்.

"தெரியல டீச்சர், வாட்சப்புல வந்துக்கினே இருக்குது."

"அவன் அங்க மைதானத்துல இருக்கானா?"

"அது எப்படித் தெரியும்?"

"சுகந்தி அங்க இருக்கா. அவ சொல்லட்டும். நீ போனை மூடு."

லோகுவை அதட்டினேனே தவிர நீ ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று எனக்கும் ஒரு கணம் பயம் வந்தது. அப்போதுதான் உன் குரல் வந்தது. "இடது கை விரல்கள் அசைகின்றன. நான் பார்க்கிறேன்."

"டீச்சர், எந்தக் கைன்னு சொல்லிச்சு?" என்றாள் கஸ்தூரி.

"இடது கை."

"பீச்சாங்கையா?" அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அதான் டீச்சர் அவ கை! சோறு துன்றதைத் தவிர எல்லாம் அதுலதான் பண்ணுவா. கோர்வைக்கு அவளைத் தறியில அந்தப் பக்கம் உக்காரவெச்சதே அதுக்குத்தான்." அதற்கு அப்புறம்தான் அவள் அழுதாள். நீ மறுபடியும் பேசாமல் இருந்தாய். பவித்ராவை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கும்போது, "கண் திறந்திருக்கிறது" என்றாய். கஸ்தூரி முகத்தைக் கழுவிக்கொண்டு, கதவைப் பூட்டி, வீட்டுக்காரருக்குப் போன் செய்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு நடந்தாள். ஓடவில்லை சுகந்தி. நான் கூடவே போனேன், அதனால் சொல்கிறேன். நடந்துதான் போனாள்.

சேனலில் மறுநாள் உன்னிடம், மீதி ஆட்டங்களுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சத்தமில்லாமல் விட்டால் பார்க்கிறவர்கள் வேறு பக்கம் போய்விடுவார்களாம். அவர்கள் பிழைப்பு அப்படி. பூட்டுப் போட்ட படமும் வந்தது. நீ சென்னைக்குத் திரும்பி, அலுவலகத்தில் மற்றவர்களின் செய்தியைத் திருத்துகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாய். இப்போது அதே சேனல் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. "மைக்கே வேணாம்னு தோணுதும்மா, இங்கியே இருந்துடறேன்" என்று போன வாரம் சொன்னாய். நான் வழக்கம்போல் விடை சொல்லாமல் விட்டேன். பவித்ரா எழுந்து நடக்கிற வரைக்கும் விடை எனக்கே உறுதியாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. நல்லபடியாக முடிந்தால் எல்லாம் சரி, முடியாவிட்டால் எல்லாம் தப்பு என்று பேசுகிற உலகம் இது. நானும் அதில் இருக்கிறவள்தான்.

நேற்று ஆரத்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கஸ்தூரியிடம் நானே கேட்டேன். "சுகந்தி அன்னிக்கு அவ்ளோ நேரம் பேசாம இருந்ததுல உனக்குக் கோவம் இல்லியா?"

அவள் பவித்ராவுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தைக் குனியாமல் சாப்பிடுவது கஷ்டம். "கோவமா? இன்னா டீச்சர் நீங்க" என்றாள். "எப்பவும் உங்க பொண்ணு சொல்லும், நான் கேட்டுக்கினு நெய்வேன். என் பொண்ணு ஆடி நான் ஒரு நாளும் பாத்தது இல்ல. அன்னிக்கு அது பேசாத வுட்டுச்சு பாருங்க, அப்பதான் போனைக் கையில எடுத்து என் பொண்ணைப் பாத்தேன். அதுவே பேசிக்கினு இருந்திருந்தா, அது சொன்னதைக் கேட்டுக்கினு இருந்திருப்பேனே தவிர, இவளைப் பாத்திருக்க மாட்டேன்."

"எனக்கு இட்லி குடுமா, கதை அப்புறம் சொல்லு" என்றாள் பவித்ரா.

சுகந்தி, உன் கேள்விக்கு விடை இதுதான். நான் சொல்லியிருந்தால் அம்மா சொல்கிறாள் என்று தள்ளியிருப்பாய். அதனால் உரியவளிடமிருந்தே வாங்கி வந்தேன். நீ பேசியிருக்க வேண்டியதில்லை. பேச வேண்டியதைப் பேசினாய். ஓடி வரக்கூடிய ஒரு தாயை நடந்து வர வைத்தாய். அதனால் மைக்கை விடாதே. விட்டால் அந்த இடம் காலியாக இருக்காது, வேறு யாராவது வந்து உட்கார்வார்கள். அவருக்கு அந்த முட்டியைப் பார்த்த கண் இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

பந்தலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். தொலைந்த பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால் எல்லோரும், "உங்க அம்மா எங்க? உங்க ஊர் எது?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளைக்குத் தெரியாதது அது ஒன்றுதான், அதனால் இன்னும் அழும். நான் முதலில், "சாப்டியா?" என்று கேட்பேன். அதற்கு எந்தப் பிள்ளைக்கும் பதில் தெரியும். பதில் சொன்னதும் அழுகை பாதி நின்றுவிடும். அன்று கோவையிலிருந்து வந்த உன் குரல் எனக்கு அப்படிக் கேட்டது. அதனால்தான் அந்தக் கேள்வி வந்தது, வேறு ஒன்றும் இல்லை.

இந்த இடம்வரை எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனேன். உன் போன் வந்தது. "அம்மா, வரேன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை ஆட்டம்" என்றாய். பவித்ராவே உன்னைக் கூப்பிட்டுத் திட்டினாளாம், "நீ பேசலன்னா எங்கம்மா தறியை வுட்டுட்டு போனையே பாத்துக்கினு இருக்கும், புடவை எப்ப முடியறது?" என்று. இவ்வளவு பெரிய கடிதத்துக்கு வேலையே இல்லாமல் ஆக்கிவிட்டாள். ஆனாலும் எழுதியதை அடிக்கப் போவதில்லை, தெருவுக்குப் பதில் வேண்டுமே. நான் போனைக் காதில் வைத்தபடி எழுதிய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நீ கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "என்னம்மா சத்தத்தையே காணோம்? நீ சாப்டியா?" என்றாய்.

இல்லை கண்ணு. இதோ, போகிறேன்.

அம்மா